நிறுத்தும் அதிகாரம்

மின்தூக்கி பாதியில் நின்றுவிட்டது என்றால் பலரும் முதலில் கம்பி அறுந்துவிட்டதோ என்றுதான் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் கம்பிக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. ஆறு மாடிக் கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாடியின் கதவுக்கு மேலும் கட்டைவிரல் அளவில் ஒரு சின்ன மின் தொடர்பு இருக்கும். கதவு ஒழுங்காகப் பூட்டிக்கொண்டால் அதுவும் மூடிக்கொள்ளும். ஒரே மின்னோட்டம் அந்த ஆறு தொடர்புகளையும் வரிசையாகக் கடந்து திரும்பி வர வேண்டும். ஏதோ ஒரு மாடியில் அது துண்டிக்கப்பட்டால் அந்த நொடியே மோட்டார் நின்றுவிடும். பிரேக்கைத் திறந்து வைத்திருப்பதும் மின்சாரம்தான் என்பதால், மின்சாரம் போனதும் ஸ்பிரிங் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பெட்டி இருந்த இடத்திலேயே நிற்கும்.

கதவு திறந்திருக்கும்போது பெட்டி நகர்ந்து யாரும் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. பதினொரு ஆண்டுகளாக இந்தத் துறையில் இருக்கிறேன், இன்னும் எனக்கு இது அலுக்கவில்லை. நான்காம் மாடியில் இருக்கும் அந்தச் சின்னத் தொடர்பு யாருக்கும் குறுந்தகவல் அனுப்பி அனுமதி கேட்டுக்கொண்டிருப்பதில்லை. ஆபத்து என்று பட்டால் நிறுத்திவிடுகிறது. எங்கள் நிறுவனத்தின் தொழில்நுட்பர் மருதப்பனுக்கு அந்த உரிமை இல்லை. அந்தத் தொடர்பைப் பராமரிக்கும் பொறுப்பு மட்டும் அவரிடம் இருந்தது.

என் பெயர் முனீரா. சிங்கப்பூரில் கேலாங் பக்கம் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எங்கள் அலுவலகம். நாற்பத்தாறு மின்தூக்கிகளைப் பராமரிக்கிறோம். தொழில்நுட்பர்கள் ஏழு பேர். அவர்களுடைய வேலை அட்டவணையைப் பார்த்துக்கொள்வது நான். எனக்கும் அவர்களுக்கும் மேலாளர் நடேசன்.

மார்ச் மாதம் என்னை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வேலையை மற்றவர்களிடம் எப்படி ஒப்படைப்பது என்பதுதான் பாடம். தூங்கி வழியலாம் என்று நினைத்துப் போனவள் மூன்று நோட்டுப் பக்கங்களை நிரப்பிக்கொண்டு வந்தேன். ஒருவரிடம் வேலையைக் கொடுக்கும்போது வேலையை மட்டும் கொடுத்தால் போதாது. அந்த வேலைக்குள் எதையெல்லாம் அவரே முடிவு செய்யலாம் என்பதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எந்த நிலையில் நம்மிடம் திரும்பி வர வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேட்டதும் எனக்கு மின்தூக்கிதான் நினைவுக்கு வந்தது.

அந்த வார இறுதியில் புக்கிட் பாஞ்சாங் வீட்டில் உட்கார்ந்து ஓர் அட்டவணை போட்டேன். நான்கு கட்டங்கள். முதலில் எந்த மின்தூக்கி. அடுத்து, யார் பொறுப்பு. மூன்றாவது, யார் முடிவெடுக்கலாம். நான்காவது, எப்போது யாரிடம் சொல்ல வேண்டும். சிராங்கூன் சாலையை ஒட்டிய ஓர் ஆறு மாடிக் கட்டடத்தின் இரண்டாம் எண் மின்தூக்கிக்கு நேரே இப்படி எழுதினேன்: பொறுப்பு மருதப்பன். முடிவும் மருதப்பன், பழுது என்று தோன்றினால் நிறுத்தலாம், நிறுத்தியபின் சொன்னால் போதும்.

திங்கட்கிழமை நடேசன் அதைத் திரையில் மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார்.

"நல்லா இருக்கு முனீரா. ஆனா இந்த மூணாவது கட்டம் எதுக்கு?"

"யாரு முடிவெடுக்கலாம்னு சார்."

"அதுக்குத்தான் நான் இருக்கேன்ல?"

"நாப்பத்தாறு லிஃப்ட்டுக்குமா சார்?"

"பதினெட்டு வருஷமா எப்படி ஓடிச்சு? டெக்னீஷியன் எல்லாம் அவங்கவங்க இஷ்டத்துக்கு நிறுத்திட்டுப் போனா கஸ்டமருக்கு யாரு லா பதில் சொல்றது?" சொல்லிக்கொண்டே அந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து அழித்தார். "பாரு, இப்ப எவ்ளோ நீட்டா இருக்கு."

மறுவாரம் இயக்குநர்கள் கூட்டத்தில், "என் டீமுக்கு எல்லாத்தையும் டெலிகேட் பண்ணிட்டேன்," என்று அந்த அட்டவணையைக் காட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

சிராங்கூன் சாலைக் கட்டடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கீழே நகைக்கடைகள், மேலே துணைப்பாட நிலையங்கள், நான்காம் மாடியில் ரத்தச் சுத்திகரிப்பு நிலையம். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரத்துக்கு மூன்று முறை அங்கே வந்து நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்து படுத்திருப்பார்கள். கட்டடத்தில் இரண்டு மின்தூக்கிகள். ஒன்றாம் எண் குறுகலானது, சக்கர நாற்காலி நுழையாது. நோயாளிகளுக்கு இரண்டாம் எண்தான் கதி.

மருதப்பன் அதை எட்டு ஆண்டுகளாகப் பார்த்துவருகிறார். புதுக்கோட்டைக்காரர், துவாஸில் ஊழியர் விடுதியில் தங்கியிருக்கிறார். பெட்டி மேலே போகும் சத்தத்தை வைத்தே எந்த மாடிக் கதவில் தூசு அடைத்திருக்கிறது என்று சொல்வார். நான் சோதித்துப் பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

ஆகஸ்ட் நான்காம் தேதி அவர் நடேசனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். நான்காம் மாடிக் கதவின் தொடர்பு தேய்ந்து கறுத்துப்போயிருந்தது. கதவு பூட்டியிருந்தாலும் சில நேரம் மின்னோட்டம் விட்டுப்போகும் என்று எழுதி, புதியது கேட்டு வேலைச் செயலியிலும் பதிந்தார். எந்த உதிரிபாகமானாலும் நடேசன் செயலியைத் திறந்து ஒப்புதல் பொத்தானை அழுத்தினால்தான் வாங்க முடியும். அவர் திறக்கவில்லை.

பதினோராம் தேதி மறுபடி எழுதினார்: "சார், நிறுத்திடவா?" அரை நாள் கழித்துப் பதில் வந்தது: "நிறுத்தாதே. டயாலிசிஸ் சென்டர் சத்தம் போடும். நீதான் இன்சார்ஜ், நீயே மேனேஜ் பண்ணு."

பதினெட்டாம் தேதி மூன்றாவது முறை கேட்டார். அதற்குப் பதிலே இல்லை.

'நீயே மேனேஜ் பண்ணு' என்றால் என்ன செய்வது? நிறுத்தவும் கூடாது, புதியது வாங்கவும் முடியாது. மிச்சம் இருந்தது உப்புத்தாள்தான். வாரம் ஒருமுறை அந்தத் தொடர்பைத் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு வந்தார் மருதப்பன்.

இருபத்தோராம் தேதி காலை பதினொன்றரைக்கு இரண்டாம் எண் மின்தூக்கி மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் இடையில் நின்றது. உள்ளே சக்கர நாற்காலியில் எழுபத்தோரு வயது பேரின்பநாயகமும் அவருடைய மகளும். மருதப்பன் அப்போது கேலாங்கில் வேறொரு மின்தூக்கியின் குழிக்குள் இருந்தார். டாக்சி பிடித்து வந்து அவர்களை வெளியே எடுக்க ஐம்பத்திரண்டு நிமிடம் ஆயிற்று. பெரியவர் மயங்கியிருந்தார். அன்றைய சுத்திகரிப்பு நடக்கவில்லை, ஓர் இரவு மருத்துவமனையில் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள்.

அன்று மதியமே நடேசன் ஒப்புதல் பொத்தானை அழுத்தினார். பாகம் மூன்று மணி நேரத்தில் வந்து சேர்ந்தது. மாற்றுவதற்கு இருபது நிமிடம். பதினேழு நாள்களாக இந்தத் தீவில் ஏதோ ஓர் அலமாரியில் அது கிடந்திருக்கிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் என் காது சூடாகத் தொடங்கியது.

கட்டடத்தின் நிர்வாகி குணமணி என்ற அம்மா. மூன்று நாளில் எழுத்தில் விளக்கம் வேண்டும், நான்காம் நாள் எல்லாரும் நேரில் வர வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். மறுநாள் நடேசன் எனக்கு விமான நிலையத்திலிருந்து போன் செய்தார். பினாங்கில் அவருடைய உறவினர் வீட்டுக் கல்யாணம்.

"முனீரா, அந்த ரிப்போர்ட்டை உங்கிட்ட டெலிகேட் பண்றேன்."

"சரி சார். என்ன நடந்துச்சுன்னு பாத்து எழுதிடறேன்."

"பாக்க என்ன இருக்கு? நீ போட்ட டேபிள்லயே இருக்கே, இன்சார்ஜ் மருதப்பன்னு. டெக்னீஷியன் ஒழுங்கா மானிட்டர் பண்ணல, எஸ்கலேட் பண்ணல. அவனை எடுத்துட்டோம். அவ்ளோதான், ஒரு பக்கம்."

"எடுத்துட்டோம்னா?"

"அவன் ஒர்க் பெர்மிட் அடுத்த மாசம் பத்தொம்பதாம் தேதி முடியுது. புதுப்பிக்கல. கஸ்டமருக்கும் ஒரு ஆக்‌ஷன் எடுத்த மாதிரி இருக்கும்ல?"

"அவர் மூணு தடவை உங்களுக்கு எழுதியிருக்காரு சார்."

"அதெல்லாம் உள்விவகாரம் லா. உன் பேர்லயே எழுதி, நீயே குணமணி மேடத்துக்கு அனுப்பிடு. நான் பாக்கணும்னு இல்ல. போர்டிங் கூப்பிடறான், வைக்கிறேன்."

வேலையை என்னிடம் கொடுத்துவிட்டு முடிவை மட்டும் அவர் கையில் வைத்துக்கொண்டார். மருதப்பனுக்குச் செய்த அதே காரியம். அவர் கையில் உப்புத்தாள், என் கையில் ஒரு பக்கக் கடிதம், வேறுபாடு அவ்வளவுதான்.

கோபத்தில் அன்று மாலையே உண்மையெல்லாம் எழுதி அனுப்பியிருப்பேன். ஆனால் குறுந்தகவல்கள் மருதப்பனின் போனில் இருந்தன. பறிபோகப் போவதும் அவருடைய வேலை. பெர்மிட் முடிந்தால் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். அங்கே பாதி கட்டிய வீடும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு மகள்களும் இருக்கிறார்கள். அதனால் மறுநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் அந்தக் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த கோப்பிக் கடையில் அவரைச் சந்தித்தேன். நான் சொல்லச் சொல்ல அவர் தேத்தண்ணீர்க் குவளையைக் கையால் மூடி வைத்துக்கொண்டு கேட்டார்.

"அக்கா, எந்த டேபிள்?"

"என்னது?"

"டேபிள்ல என் பேரு இன்சார்ஜ்னு இருக்குங்கறீங்களே, அது எந்த டேபிள்? நான் பாத்ததே இல்லையே."

போனைத் திறந்து காட்டினேன். தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து விரலை அதன்மேல் வைத்தார்.

"இதை யாரு போட்டது?"

"நான்தான்."

"எப்ப?"

"மார்ச்ல."

"மார்ச்ல என் பேரைப் போட்டீங்க. ஆகஸ்ட்ல, அதுவும் ஆள் மாட்டினதுக்கு அப்புறம் காட்டறீங்க." குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நாங்க ஏழு பேரு இருக்கோம். ஒருத்தரையாவது கூப்பிட்டுக் கேட்டீங்களா அக்கா?"

கேட்கவில்லை. ஒப்படைக்கும் ஆளிடம் முதலில் பேசுங்கள் என்பது பயிற்சியின் முதல் மணி நேரத்திலேயே வந்த பாடம். நோட்டில் எழுதி அடிக்கோடும் இட்டிருந்தேன். அட்டவணை அழகாக வந்த மகிழ்ச்சியில், அதில் இருப்பவர்களிடம் அதைக் காட்ட வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. நடேசன் அழித்தது ஒரு கட்டத்தைத்தான். நான் ஏழு ஆள்களையே மறந்திருந்தேன்.

"தப்புதான் மருதப்பன்," என்றேன்.

அவர் போனை என் பக்கம் நகர்த்திவைத்தார். பிறகு, "மெசேஜை எல்லாம் போட்டா சார் சும்மா விடுவாரா?" என்றார்.

"விடமாட்டார். போடலன்னாலும் உங்களை அனுப்பத்தான் போறாரு. நீங்க வேணாம்னா நான் போடல. ஆனா அவர் சொன்னதை என் கையால எழுத மாட்டேன், அது மட்டும் நிச்சயம்."

"எழுதலன்னா?"

"என்னை என்ன செய்வாரோ செய்யட்டும்."

"உங்களுக்கு என்னக்கா, சிங்கப்பூர்க்காரங்க. வேற கம்பெனி கிடைக்கும்." சுருக்கென்று இருந்தது. ஆனால் உண்மை. அவர் தேத்தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துமுடித்தார். "போடுங்க. மூணு மெசேஜும் போடுங்க. கூடவே, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன்னும் போடுங்க. அதுல இருக்கற பூச்சு போயிடும், இன்னும் சீக்கிரமாக் கெட்டுடும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் செஞ்சேன். அதை விட்டுட்டு மத்ததை மட்டும் போட்டா அந்தப் பெரியவர் முகத்தை நான் எப்படிப் பாக்கறது?"

அன்று மாலை இரண்டரைப் பக்கம் எழுதினேன். கதவுத் தொடர்பு எப்படி வேலை செய்கிறது என்று படம் போட்டு விளக்கினேன். தேதி வாரியாக யார் கேட்டார், யார் என்ன பதில் சொன்னார் என்று எழுதினேன். உப்புத்தாளை எழுதினேன். மூன்றாவது கட்டத்தை யார் அழித்தார் என்பதையும், அட்டவணையைத் தொழில்நுட்பர்களிடம் நான் காட்டவே இல்லை என்பதையும் எழுதினேன். நடேசன் சொன்னபடியே என் பெயரில் குணமணி அம்மாவுக்கு அனுப்பிவிட்டு, பிரதியை நடேசனுக்கும் அனுப்பினேன். அவர் அதைத் திறக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். திறக்கவில்லை.

கூட்டத்தன்று நடேசன் நேராக விமான நிலையத்திலிருந்து வந்திருந்தார், கையில் இன்னும் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை. கட்டடத்தின் தரைத்தளத்தில் குணமணி அம்மாவின் அறை. யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதைக் கடந்தவர், கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவைத்துக்கொண்டு மருதப்பனோடு சேர்த்து எங்கள் மூவரையும் உட்காரச் சொன்னார்.

நடேசன் முந்திக்கொண்டார். "மேடம், ரொம்ப வருத்தமா இருக்கு. ஆக்‌ஷன் எடுத்துட்டோம். ரிப்போர்ட்ல எல்லாம் தெளிவா இருக்கு."

"ஓம், நல்ல தெளிவாத்தான் இருக்கு," என்றார் குணமணி அம்மா. "நீங்க வாசிச்சனீங்களா?"

"முனீராவுக்கு டெலிகேட் பண்ணிட்டேன் மேடம். அவங்க மேல எனக்கு முழு நம்பிக்கை."

"அப்ப நான் வாசிக்கிறன், கேளுங்கோ." பதினோராம் தேதிப் பதிலை எழுத்துக்கூட்டுவதுபோல நிதானமாக வாசித்தார். "'நிறுத்தாதே. நீதான் இன்சார்ஜ், நீயே மேனேஜ் பண்ணு.' இது உங்கட மெசேஜ்தானே?"

நடேசன் என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். "மேடம், இது டிராஃப்ட்... ஒரு செக் பண்ணாம..."

"உங்களுக்கும் காப்பி வந்திருக்கு. அதை விடுங்கோ. என்னட்ட ஒரே கேள்விதான். இந்த லிஃப்டை நிறுத்துற அதிகாரம் ஆரிட்ட இருந்தது?"

"டீமாத்தான் மேடம்..."

"டீம் எண்டா ஆர்? ஒரு ஆளின்ர பேரைச் சொல்லுங்கோ."

நடேசன் கைக்குட்டையை எடுத்து மடித்தார்.

"எங்கிட்ட மேடம்."

குணமணி அம்மா மருதப்பன் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்களிட்ட அந்த அதிகாரம் இருந்திருந்தா என்ன செய்திருப்பீங்க?"

மருதப்பன் பழக்கத்தில் நடேசனைப் பார்த்தார்.

"அவரைப் பாக்காதேங்கோ. என்னைப் பாத்துச் சொல்லுங்கோ."

"பார்ட்டும் கையில கிடைச்சிருந்தா நாலாந்தேதியே முடிச்சிருப்பேன் மேடம். உடனே நிறுத்த வேணாம். சென்டர் ஏழு மணிக்கு மூடுவாங்க, பேஷண்ட் எல்லாம் போனதும் நிறுத்தி மாத்திட்டு, காலையில திறக்கறதுக்குள்ள ஓட விட்டிருப்பேன். ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது."

"பாருங்கோ," என்றார் அவர் நடேசனிடம். "ஏழு மணிக்குப் பிறகு இருபது நிமிஷம். பேரின்பநாயகம் ஐயா இப்ப லிஃப்டுக்குள்ள மகளின்ர கையை விடுறேல்ல. தெரியுமோ உங்களுக்கு?"

அவர் எழுதிக் கொடுத்தது நான்கே வரி. இந்தக் கட்டடத்தின் மின்தூக்கிகளை நிறுத்தும் அதிகாரம் களத்தில் இருக்கும் தொழில்நுட்பருக்கு வேண்டும். அந்தத் தொழில்நுட்பர் மருதப்பனாகவே இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லையென்றால் அடுத்த ஆண்டு வேறு நிறுவனம். நடேசன் "கண்டிப்பா மேடம், கண்டிப்பா," என்று இரண்டு முறை சொல்லிக் கையெழுத்திட்டார்.

கார் நிறுத்துமிடத்தில் அவர் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "எங்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாம்ல?"

"அவர் மூணு தடவை சொன்னாரு சார்."

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். செப்டம்பர் பதினைந்தாம் தேதி மனிதவளப் பிரிவின் ஹம்னா என் மேசைக்கு வந்து, "மருதப்பன் பெர்மிட் இன்னும் ரினியூ ஆகல, தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டபோதுதான் புரிந்தது. நடேசன் யாரையும் நீக்கவில்லை. மறுக்கவும் இல்லை. புதுப்பிப்பு விண்ணப்பம் அவருடைய ஒப்புதலுக்காகச் செயலியில் பன்னிரண்டு நாள்களாகக் காத்திருந்தது. இன்னும் நான்கு நாள் திறக்காமல் இருந்தால் போதும். தேதி தானாகவே மருதப்பனை விமானத்தில் ஏற்றிவிடும். குணமணி அம்மாவிடம் 'காலாவதி ஆகிடுச்சு மேடம், என்ன பண்றது' என்று கைவிரித்துவிடலாம்.

ஒருவரைச் சத்தம் போட்டு வெளியே அனுப்புபவர்மேல்கூட எனக்கு ஏதாவது மரியாதை இருந்திருக்கும். இது அப்படியில்லை. பாகத்துக்கு ஒப்புதல் தராமல் கிடந்த அதே விரல், ஒரு மனிதரின் எட்டு ஆண்டுகளையும் அப்படியே கிடப்பில் போட்டிருந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். கதவைத் தட்டினேனா என்பது நினைவில்லை.

நடேசன் யாருடனோ போனில் சிரித்துக்கொண்டிருந்தார். முடியும்வரை மேசைக்கு முன்னால் நின்றேன்.

"என்ன முனீரா?"

"மருதப்பன் பெர்மிட் சார்."

"அதை ஹம்னாகிட்ட குடுத்தாச்சே. அவங்க பாத்துப்பாங்க."

"ஹம்னா மூணாந்தேதியே உங்களுக்கு அனுப்பிட்டாங்க. உங்ககிட்டதான் நிக்குது."

"ஓ, அப்படியா? சாயங்காலம் பாக்கறேன்."

"இப்பவே பாருங்க சார்."

"மீட்டிங் இருக்கு."

"அரை நிமிஷம் சார். நான் எண்ணிப் பாத்திருக்கேன்."

"நீ என்ன, என் தலைமேல நின்னு வேலை வாங்கறியா?"

"ஆமா சார். வேற யாரும் இதைச் செய்ய முடியாது. எனக்கு அதிகாரம் இல்ல, ஹம்னாவுக்கு இல்ல, மருதப்பனுக்கு இல்ல. உங்களுக்கு மட்டும்தான் இருக்கு. குணமணி மேடத்துக்கு நான் போன் பண்ணி, உங்க கையெழுத்துக்கு என்ன அர்த்தம்னு கேக்கணுமா?"

அவர் என்னை முறைத்தார். நான் நகரவில்லை. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் தட்டச்சுச் சத்தங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. கடைசியில் போனை எடுத்து, செயலியைத் திறந்து, மூன்று முறை தவறான கடவுச்சொல்லைப் போட்டு, நான்காவது முறை உள்ளே போனார். காத்திருக்கும் ஒப்புதல்கள்: அறுபத்தெட்டு. விரலால் தள்ளித் தள்ளி மருதப்பனின் பெயரைக் கண்டுபிடிக்கவே அவருக்கு நேரம் பிடித்தது. அழுத்தினார்.

"போதுமா?"

"மிச்சம் அறுபத்தேழு இருக்கு சார்," என்றேன். "நான் நிக்கறேன்."